மச்சானின் டபுள் ஸ்டாண்டு

சிதம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுகூட வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே வண்டிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்க, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், "சைடு ஸ்டாண்டு போடாதீங்க சார். டபுள் ஸ்டாண்டு போடுங்க. எடம் இல்ல பாருங்க," என்று சொன்ன நொடியில் வந்தது.

வண்டி மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முதுநகரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறான். அன்று ஓட்டி வந்தது நான். அவன் பின்னாலிருந்து இறங்கி, பேண்ட்டை மேலே இழுத்து விட்டுக்கொண்டு, "நகருங்க மாமா, நான் போடுறேன்," என்றான்.

வண்டியின் இடப் பக்கம் நின்றான். இடது கையில் ஹேண்டில்பார், வலது கை சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியில். ஸ்டாண்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கை வலது காலால் மிதிக்க வேண்டும். அந்த வலது காலில்தான் முழங்காலுக்குக் கீழே தகடும் திருகுகளும் இருந்தன. மிதித்தான். துருப்பிடித்த கதவைப் போல ஒரு சத்தம் வந்தது. ஸ்டாண்டு பாதி இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. இன்னொரு முறை மிதித்தான். பேண்ட்டுக்குள் அவன் கெண்டைக்கால் நடுங்குவது துணி வழியாகத் தெரிந்தது.

"காலையில சாப்பிடலையா தம்பி?" என்றாள் காக்கிச் சட்டைக்காரி.

"சாப்ட்டேன்க்கா. வண்டிதான் சாப்பிடல."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நான் அவனை விலக்கிவிட்டு, முழு உடம்பையும் கொடுத்து இழுத்து, வண்டியை நிறுத்தினேன். இடுப்பில் ஏதோ ஒரு நரம்பு கூப்பிட்டது. அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மருத்துவர் நல்ல செய்திதான் சொன்னார். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம். குதிக்கக் கூடாது, திடீரென்று எதையும் எட்டி உதைக்கக் கூடாது. மச்சான் கேட்டான், "டபுள் ஸ்டாண்டு போடலாமா டாக்டர்?" அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

நகைச்சுவை இல்லை. மச்சானுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஒப்பந்தக்காரர் வழியாக. கால் உடைந்து வீட்டில் கிடந்த மாதங்களில் இடத்தை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அதுகூடப் பெரிதில்லை, வந்துவிடலாம். வருவதை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் பெரிது. அங்கே வண்டிக் கொட்டகையில் டபுள் ஸ்டாண்டு மட்டும்தான் போட வேண்டும். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் தினமும் காலையில் டீ டம்ளரோடு அந்தக் கொட்டகைக்கு எதிரில் நிற்பார். உடம்புக்கு முடியாமல் லீவில் இருந்து திரும்புகிறவன் வண்டியை எப்படி நிறுத்துகிறான் என்று பார்ப்பார். எதுவும் கேட்க மாட்டார். "வண்டியத் தூக்க முடியாதவன் வால்வத் திருப்புவானா" என்று எப்போதோ ஒருமுறை சொன்னாராம், அதோடு சரி. இடுப்பு பிசகித் திரும்பி வந்த ஒருவருக்குப் பக்கத்து ஆள் கை கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். மத்தியானமே அவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"சைடு ஸ்டாண்டு போட்டுட்டு மறந்த மாதிரி போயிடேன்," என்றேன் திரும்பும்போது.

"மொத நாளே மறந்தா, என்னையும் மறந்துடுவாங்க மாமா."

"பஸ்ல போ."

"ஆறு மணிக்கு ஷிப்ட் விட்டா ஏழரைக்குத்தான் பஸ்ஸு. அதுவும் நிக்காது. அது மட்டும் இல்ல. வண்டியில போனவன் பஸ்ல வந்தா கால் சரியாவலன்னுதான் அர்த்தம்."

வரும் வழியில் சிதம்பரத்திலேயே ஒரு ஸ்பேர் கடையில் ஸ்டாண்டுக்கான ஸ்பிரிங், புஷ், ஸ்பிளிட் பின் வாங்கினோம். ஸ்பிரிங்கைக் கையில் வாங்கிய மச்சான் அதை உடனே என்னிடம் கொடுத்துவிட்டான், சூடாக இருந்தது போல.

அவனுக்கு அந்த ஸ்டாண்டோடு வேறொரு கணக்கும் இருந்தது. முதுநகர் காற்றில் உப்பு ஜாஸ்தி. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், சட்டைப் பித்தான்வரை தின்னும். வண்டியின் ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்து, ஓடும்போது ஸ்டாண்டு தொங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பழைய சைக்கிள் டியூபைக் கீறி, பட்டையாக வெட்டி, ஸ்டாண்டை மேலே தூக்கிக் கட்டிவிடுவது. தெருவில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடும். மச்சானும் கட்டியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டையில் தன்னோடு வேலை செய்கிறவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனவன், முட்லூரில் இடப் பக்கம் சாய்த்துத் திரும்பும்போது ரப்பர் அறுந்தது. ஸ்டாண்டு இறங்கித் தார்ச்சாலையைக் கடித்தது. பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. அவன் பறந்துபோய் மதகுச் சுவரில் விழுந்தான், வலது காலை முன்னே கொடுத்து. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுச் சந்தில், மூடாமல், கடல் காற்றில், அவன் நடை பழகிய மாதங்கள் முழுக்க நின்று ஸ்டாண்டின் மூட்டு இறுகிப்போனது.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக், சொந்தக்காரர் கல்யாணம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சந்தில் சாக்கு விரித்து நாங்களே உட்கார்ந்தோம். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே எழுந்து நடக்கிறவன் நான். பாதி வாக்கியத்தில் பேனாவை வைத்துவிட்டு ரயிலடிவரை போய் வருகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு வண்டியின் வயிற்றுக்குக் கீழே கன்னத்தைத் தரையில் வைத்து, நிற்பதற்காக மட்டுமே செய்யப்பட்ட ஓர் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, மேலே ஒரு தண்டு. அந்தத் தண்டில்தான் முழு எடையும் திரும்புகிறது. அதைச் சுற்றிக் காபித்தூள் நிறத்தில் துரு, மணல், எப்போதோ போட்ட கிரீஸ் கருத்துக் கல்லாகிப்போன மிச்சம்.

முதலில் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். அதற்குத்தான் பயம். துறைமுகத்தில் படகுக்குக் கட்டும் நைலான் கயிற்றில் ஒரு துண்டை ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டி இழுக்கச் சொன்னான் மச்சான். நான் இழுத்தேன். அவன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான்.

"மூஞ்ச அந்தப் பக்கம் வெச்சிக்கோங்க மாமா."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமாவது. அதுக்கு நேரா வேணாம்."

தளர்ந்த ஸ்பிரிங் என்று நினைத்ததற்கு இன்னும் கோபம் மிச்சமிருந்தது. கொக்கி விடுபட்டு என் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் பிளாஸ்டிக் வாளியில் அடித்தது. வாளியில் விரிசல் விட்டது. கதவருகில் நின்றிருந்த என் மனைவி வந்து வாளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "ஒருத்தர் கால ஒடச்சாச்சு. இன்னொருத்தர் கண்ணு மட்டும்தான் பாக்கி," என்றாள்.

"வாளி போச்சுக்கா," என்றான் தம்பி.

"வாளி பேசாது. நீ பேசாத."

அதைப் பூட்டியிருந்த பின்னை உருவிய பிறகும் தண்டு வரவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி விட்டோம். டீ குடித்தோம். மறுபடி ஊற்றினோம். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட, வண்டி முழுக்கச் சிலிர்த்தது. சைடு ஸ்டாண்டில் இருக்கும் வண்டி கீழே இருக்கிறவன் மேல் சாயாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே செங்கல் லேசாக நகர்ந்தது. மச்சான் வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டான், நல்ல காலைத் தரையில் ஊன்றி. கடைசியில் தண்டு ஒரு விரல் அளவு வெளியே வந்தது, பிறகு முழுதாக, பல் பிடுங்கியது போல.

உப்புத்தாளால் தேய்த்தோம். துரு போய், ஆங்காங்கே அம்மை வடுவோடு இரும்பு வெளியே வந்தது. தண்டு திரும்பும் துளைக்குள் புது புஷ்ஷை, அந்தச் சின்ன இரும்பு உறையை, தட்டி இறக்கினோம். கிரீஸை விரலால் எடுத்துத் தண்டின் மேல், துளைக்குள், ஸ்டாண்டின் இரு காதுகளுக்குள் பூசினான் மச்சான். "ஜாஸ்தி வேணாம், மணலு ஒட்டும்," என்றான். புது ஸ்பிரிங்கை மாட்ட மறுபடி நைலான் கயிறு. இந்த முறை கயிற்றை அவன் இழுத்தான், கொக்கியைத் துளைக்கு நேராகக் காட்டியது நான். விரல் உள்ளே இருக்கும்போது கயிறு நழுவினால் விரல் இல்லை. 'டக்'கென்று உட்கார்ந்தது. ஸ்டாண்டை ஒரு விரலால் கீழே தள்ளினேன், எதிர்த்தது. விட்டேன், பட்டென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. சத்தமில்லை. நான் அதை ஒரு குழந்தையைப் போலத் திரும்பத் திரும்பச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் பழகினான். இடது காலால் முயன்று பார்த்தான், உடம்பு முறுக்கிக்கொண்டு வண்டி அந்தப் பக்கம் சாயப் போனது. வலதுக்கே திரும்பினான். முதல் இரண்டு முறை நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்னைப் போகச் சொன்னான்.

"இழுக்கறதுதான் தப்பு மாமா. கை சும்மா பிடிச்சா போதும். ஒடம்ப அது மேல ஏத்திடணும். படி ஏறுற மாதிரி."

நாக்கின் மேல் படி ஏறுவது போல ஏறினான். வண்டி பின்னால் ஒரு முழம் போய் உட்கார்ந்தது. அவன் முகத்தில் வலி இருந்தது, ஆனால் வேகமாகக் கடந்து போகிற வலி. மத்தியானம் மீன் குழம்பில் இரண்டாவது முறை சோறு வாங்கினான். விபத்துக்குப் பிறகு அன்றுதான்.

சாயங்காலம் நான் ஒரு நடை போய்விட்டு வந்தபோது வண்டி சந்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. சைடு ஸ்டாண்டில் நின்றது. டீசல் வாசனை.

"வாட்டர் சர்வீஸ் உட்டுட்டு வந்தேன் மாமா. மொத நாளு டூட்டி. வண்டி சேறும் சகதியுமா போய் நிக்கக் கூடாதில்ல."

"ஸ்டாண்டு போட்டுப் பாத்தியா?"

"அதான் காலையில பாத்தமே."

நானும் சரி என்றேன். எங்கள் ஊரில் நல்ல நாளுக்கு முன்னால் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், கழுவிய பிறகு உப்புக் காற்றுக்குத் தடுப்பாக அடிப்பக்கம் முழுக்க டீசல் அடிப்பதும், தலைக்குக் குளித்தால் எண்ணெய் வைப்பது போல இயல்பானது. யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி வந்த மச்சான், கிளம்பும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றான். கையை வைத்தான். நாக்கின் மேல் ஏறினான். பூட்ஸ் வழுக்கியது. நாக்கு டீசலில் நனைந்திருந்தது. கால் சறுக்கி வண்டிக்குக் கீழே போக, வண்டி அவன் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை நான் பார்த்தது நினைவிருக்கிறது. எப்படிப் பாய்ந்தேன் என்பது நினைவில்லை. என் மார்பில் சீட்டு, கன்னத்தில் கண்ணாடி. அவன் வலது கால் ஃபுட்ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளியில்.

"எடு," என்றேன். "கால எடு. மெதுவா."

எடுத்தான். எதுவும் ஆகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று தன் காலையே பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. நான் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டைக் கையால் இறக்கிப் பார்த்தேன். அந்தப் பழைய சத்தம், லேசாக. தண்ணீர்க் குழாயின் வேகம் நாங்கள் வைத்த கிரீஸை வெளியே தள்ளியிருந்தது. மிச்சத்தை டீசல் கரைத்துவிட்டிருந்தது. புது புஷ்ஷுக்குள் மணல் நறநறத்தது.

"நான் போவல மாமா."

என் மனைவி சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். "போவலன்னா சோத்த யாரு திங்கறது," என்றாள். பையை வைத்துவிட்டு, சாக்கைக் கொண்டுவந்து அவளே விரித்தாள்.

இரண்டாவது முறை கைகளுக்கு வழி தெரிந்திருந்தது. கயிறு, ஸ்பிரிங், பின், தண்டு. தண்டு இப்போது முரண்டு பிடிக்கவில்லை. மணலைத் துடைத்தோம். பழைய துணி தீர்ந்ததும் என் துண்டை எடுத்தேன். கிரீஸை வைத்து, மாட்டி, கொக்கியை உட்கார வைத்தபோது தெருவில் பால்காரர் போய்விட்டிருந்தார். நாக்கை மண்ணெண்ணெயால் துடைத்துச் செங்கல் தூளால் தேய்த்தேன். ஆனாலும் அது இரும்பு. பூட்ஸின் அடிப்பாகத்தில் டீசல் இன்னும் இருந்தது.

என் மனைவி உள்ளே போய் ஒரு சைக்கிள் டியூப் பட்டையோடு வந்தாள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒழுகலுக்குக் கட்ட வாங்கி வைத்ததில் மீந்தது.

மச்சான் அதைப் பார்த்ததும் பின்னால் போனான். "அந்தச் சனியன் மட்டும் வேணாம்க்கா."

"தூக்கிக் கட்டறதுக்கு இல்லடா. மிதிக்கறதுக்கு."

"அது அறுந்துடும்."

"அறுந்தா என்னா ஆவும்? நாக்குல சுத்தின ரப்பரு அறுந்தா ரப்பரு அறுந்துச்சு, அவ்ளோதான். எதுவும் கீழ தொங்காது."

அவன் குனிந்து தன் காலைத் தடவிக்கொண்டான். பிறகு அவள் கையிலிருந்து பட்டையை வாங்கி, தானே உட்கார்ந்து, நாக்கின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினான். முட்லூர் திருப்பத்தில் அவனைத் தூக்கி எறிந்த அதே மாதிரிக் கறுப்பு ரப்பர். முடிச்சை இறுக்கும்போது பல்லைக் கடித்தான். எழுந்து, போட்டுப் பார்த்தான். வழுக்கவில்லை. ஏறியது. உட்கார்ந்தது. இறக்கினான். "போலாம் மாமா," என்றான்.

நான் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் ஓட்டினான். சிதம்பரம் சாலையில் லாரிகளின் காற்று எங்களைத் தள்ளியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் நாங்கள் இருவரும் பேசாமல் ஒரே சத்தத்துக்காகக் காது கொடுத்தோம், இரும்பு தாரில் உரசும் சத்தத்துக்காக. வரவில்லை. செம்மங்குப்பம் நெருங்க நெருங்கத் தொழிற்சாலைகளின் அந்த வாசனை வந்தது, புளித்ததும் இல்லாமல் எரிந்ததும் இல்லாமல், அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் போன வாசனை. கேட்டுக்கு வெளியே என்னை இறக்கிவிட்டான். வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், பஸ்ஸுக்கு நிற்கிறவன் போல நின்றேன்.

சூப்பர்வைசர் இருந்தார். டம்ளர் கையில். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார்.

மச்சான் வண்டியை வரிசையில் விட்டான். இறங்கினான், நல்ல காலில் பாரத்தைப் போட்டு அல்ல, சாதாரணமாக. பக்கத்து வண்டிக்காரர் தலையசைத்து, பின்கம்பியை நோக்கிக் கையை நீட்டினார். நல்ல மனசு. அந்தக் கைதான் எனக்கு அப்போது பெரிய ஆபத்தாகத் தெரிந்தது.

"வேணாம் மச்சான்," என்றான் என் மச்சான். "சட்டையில கிரீஸாயிடும்."

ஏறினான். வண்டி அசைந்து, பாதி போய், முன்னால் திரும்பி வந்துவிட்டது. கொட்டகைத் தரை கொஞ்சம் சரிவு, வீட்டில் நாங்கள் பழகிய தெரு சமம். சூப்பர்வைசர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார், குடிக்கவில்லை. நான் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தேன். என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மச்சான் வண்டியை ஓரடி நகர்த்தினான், சரிவு முடிகிற இடத்துக்கு. கையைத் தளர்த்தினான், அது எனக்குத் தெரிந்தது, விரல்கள் விரிந்தன. படி ஏறுவது போல ஏறினான். வண்டி பின்னால் போய் உட்கார்ந்தது. முன்சக்கரம் லேசாக ஆடி நின்றது.

சூப்பர்வைசர் நடந்து வந்தார். குனிந்தார்.

"இது என்னா ரப்பரு?"

"வழுக்குது சார். அதான் சுத்தினேன்."

"கால் எப்படி இருக்கு?"

"நின்னுச்சே சார்."

அவர் ஸ்டாண்டைப் பூட்ஸ் முனையால் தட்டிப் பார்த்தார், லாரி டயரைத் தட்டுவது போல. "எனக்கும் வழுக்குது. எங்க வாங்குன?"

"எங்கக்கா குடுத்துச்சு."

"போ. நேரமாச்சு."

அவர் இன்னும் குனிந்து அந்த ரப்பரின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். உள்சாலையில் ஒரு டேங்கர் லாரி நின்றிருந்தது. அதன் மறைவுக்குப் போகும்வரை நிமிர்ந்தேதான் நடந்தான். போன பிறகு, லாரிச் சக்கரங்களுக்கு இடையில் அவன் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அங்கே அவன் நொண்டினான், நன்றாகவே நொண்டினான், ஒருமுறை நின்றுகூட விட்டான். லாரியின் முனை வந்ததும் கால் இரண்டும் சேர்ந்து நின்றன. பிறகு மறுபடி நிமிர்ந்தவன் வெளியே வந்து கட்டடத்துக்குள் போய்விட்டான்.

சூப்பர்வைசர் நிமிர்ந்து டீயைக் குடித்தார்.

நான் வேலியை விட்டேன். உள்ளங்கையில் கம்பியின் தடம், அதற்கு மேல் கிரீஸ். பஸ் வந்தது, நிற்காமல் போனது. இன்னொன்று வரும்வரை, என் வழக்கத்துக்கு மாறாக, அந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமல் நின்றேன். சாயங்காலம் அவன் அந்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியும் ஆக வேண்டும்.